கப்பல் வீட்டுப் பாய்லர்

வெயிலுக்குப் பேர்போன சீமை எங்களுடையது. அந்தச் சீமையில், படுக்கையறையைச் சூடாக்கித்தர ஆள் கிடைப்பானா என்று தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் அலைந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரை விட்டுவிட்டு வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்தேன் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

என் பெயர் ஞானப்பிரகாசம். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இருப்பது புன்னக்காயலில், என் மனைவி அமலோற்பவத்தின் அப்பா கட்டிய வீட்டில். எனக்கு முன்கோபம் அதிகம். கிரேனில் ஒற்றையாக உட்கார்ந்து கீழே இருப்பவர்களை ஏசியே பழகிவிட்டது என்று அமலி சொல்வாள். இருக்கலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அமலிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் தூத்துக்குடிக்குக் காரில் போய், நான்கு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அது ஆரம்பித்த நாளிலிருந்து அவளை ஒரு குளிர் பிடித்துக்கொண்டது. ரத்தம் வெளியே போய் மிஷினைச் சுற்றிவிட்டு வரும்போது குளிரையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது என்பாள். சித்திரை மாதத்தில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது அவள் ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பாள். கனத்த போர்வை போர்த்தினால் ஊசி குத்துகிற கை வலிக்கும். கடையில் ஹீட்டர் வாங்கி வைத்தேன். இரண்டே நாளில் தோல் வறண்டு, அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்து ரத்தம் வந்துவிட்டது. அதைத் தூக்கி மச்சில் போட்டேன்.

போன வருஷம் கார்த்திகையில் ஒருநாள் அவளே கேட்டாள்.

"ஏங்க, அப்பா வச்ச குழாய எரிய வச்சா என்ன?"

எங்கள் வீட்டை ஊரில் கப்பல் வீடு என்பார்கள். என் மாமனார் நீராவிக் கப்பல்களில் நிலக்கரி அள்ளிப் போட்டு, பிறகு எஞ்சின் அறையிலேயே பெரிய ஆளாகித் திரும்பியவர். இருபத்தைந்து வருஷம் அந்த வேக்காட்டில் கிடந்த உடம்புக்கு ஊருக்கு வந்ததும் மார்கழிக் கடற்காற்று ஆகவில்லை. மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. மனுஷர் சும்மா இருக்கவில்லை. உடைக்க வந்த கப்பல் ஒன்றிலிருந்து சின்ன பாய்லர் ஒன்றை வாங்கி வந்து, கொல்லைப்புறக் கொட்டகையில் செங்கல் கட்டி உட்கார வைத்து, அங்கிருந்து ஒரு இரும்புக் குழாயைக் குசினிச் சுவர் வழியாக ஹாலுக்கும், ஹாலிலிருந்து படுக்கையறைக்கும் ஓட விட்டார். விறகு போட்டால் ஆவி கிளம்பி, கட்டில் தலைமாடு வரைக்கும் குழாய் சூடாகும். ஊரே சிரித்தது. அவர் பாட்டுக்குக் கதகதப்பாகத் தூங்கினார். அவர் போன பிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை. துணி காயப்போடுகிற குழாயாக அது சுவரோடு கிடந்தது.

"சின்னப்பிள்ளையில அந்தக் குழாயோரம்தான் படுப்பேன். உடம்பு மொத்தமும் சூடு இறங்கும். ஹீட்டரு மாதிரி சுட்டுப் பொசுக்காது" என்றாள் அமலி.

அவள் என்னிடம் எதையும் கேட்பவள் அல்ல. நகை, புடவை, ஊர் சுற்றல் எதுவும் கேட்டதில்லை. நாற்பது வருஷத்தில் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். அடுத்த நாளே ஆள் தேடக் கிளம்பினேன்.

முதலில் வந்தவர் திருநெல்வேலிக்காரர், செந்தில்முருகன். வெந்நீர் மிஷின், சோலார் எல்லாம் போடுகிற பெரிய கான்டிராக்டர். குழாயைச் செருப்புக்காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பழைய இரும்ப எல்லாம் பேத்து எடுத்துருவோம் அண்ணாச்சி. சூடு வார ஏ.சி. ஒண்ணு மாட்டிருவோம்" என்றார். ஏ.சி. என்ற பேச்சைக் கேட்டதுமே அமலி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் அதன் அடியில்தானே கிடக்கிறாள். முகத்தில் காற்றுப் பட்டாலே அவளுக்கு ஆகாது. அவர் போகும்போது, வீட்டுக்காரம்மாவை வெயிலில் கொஞ்சம் உட்கார வையுங்கள் என்று யோசனை வேறு சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

அடுத்து ஒரு வெல்டர், அடுத்து ஒரு பிளம்பர். ஒருவன் போனில் கேட்டுவிட்டு, "குளிர வைக்கணுமா, சூடு பண்ணணுமா, சரியாச் சொல்லுங்க" என்று மூன்று தரம் கேட்டான். இன்னொருவன் வருகிறேன் வருகிறேன் என்று கடைசிவரை வரவேயில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ரோட்டோர அரிசி மில்லில் ஆவி புகைந்து மேலே போவதைப் பார்த்தேன். நெல் அவிக்கிற பாய்லர். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கே பாய்லர் வேலை பார்ப்பவர் வன்னியராஜ், ஐம்பது வயது இருக்கும், கறுத்து ஒடிசலான மனுஷர். ஆற்றுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் எல்லா மில்லுக்கும் அவர்தான் என்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்; வந்தார்.

மற்றவர்கள் எல்லாம் பாய்லரைப் பார்க்கத்தான் முதலில் போனார்கள். இவர் அமலியிடம் போனார்.

"எந்த நேரம் ரொம்பக் குளிருதும்மா?"

அதுவரை அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. பாதத்துலதான் ஆரம்பிக்கும்" என்றாள் அவள்.

பிறகு ஒரு சின்னச் சுத்தியலால் பாய்லரின் தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். குழாயை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்க மாமனாரு வெவரமான ஆளு அண்ணாச்சி. குழாய் பாய்லரப் பாத்துச் சாஞ்சிருக்கு பாருங்க. ஆவி இதுலதான் போகும், தண்ணியாகி இதுலதான் திரும்பி வரும். சாய்வு இல்லேன்னா ரெண்டும் முட்டிக்கிடும். அங்கன கட்டில் பக்கம் கடைசியில ஒரு சின்ன வால்வு இருக்கு. குழாய்க்குள்ள இருக்க காத்து அது வழியாத்தான் வெளிய போகணும். காத்து போனாத்தான் ஆவி உள்ள வரும். இந்த ரெண்டையும் யாரும் தொடக்கூடாது."

பாய்லர் நன்றாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும், அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்கிற ஆபத்து வால்வு புதிதாகக் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும் என்றார். அறுப்புக்கு முன்னால் மில் பாய்லர்களை எல்லாம் கழுவித் தயார் பண்ணுகிற சமயம் அது. "தை பத்தாம் தேதி வாரேன். ரெண்டு நாள் வேலை. ஆவியோட விளையாடப்பிடாது அண்ணாச்சி, பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது கார்த்திகைக் கடைசி. முழுசாக ஒன்றரை மாதம். அமலி விரல் விட்டு எண்ணினாள். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

இந்த நேரத்தில்தான் பாக்கியசீலன் வந்தான். இரண்டு வீடு தள்ளி இருப்பவன், அமலியின் ஞானப்பிள்ளை. ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தி நின்றவள் அவள்தான். எங்கள் கடற்கரையில் அந்தப் பிடிப்பு லேசுப்பட்டதல்ல. பெற்ற பிள்ளையைக்கூட ஒருவேளை விட்டுக்கொடுக்கலாம், ஞானப்பிள்ளையை விட்டுக்கொடுத்தால் கோயில் வாசலில் நின்று பேசுவார்கள். வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அவனிடம் சொல்லியாக வேண்டும். அவன் கைத்தொழில் எதுவோ அந்த வேலை நம் வீட்டில் அவனுக்குத்தான். பாக்கியசீலன் போட் எஞ்சின் மெக்கானிக். வளைகுடாவுக்குப் போய் ஆறு மாதத்தில் திரும்பினான். சொந்தமாகப் பட்டறை வைத்து மூடினான். நடுவில் குடி. அமலி ஒருநாள் அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுத பிறகு குடியை விட்டான். அவன் தொட்ட எதுவும் முடிந்ததில்லை என்பது ஊர்ப்பேச்சு.

வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

"அரிசி மில்லுக்காரன் வந்து பாத்துட்டுப் போனானாம்லா பெரியம்மா? நான் செத்தா போயிட்டேன்?"

அமலிக்கு முகம் வாடிவிட்டது. "ஏலே, உன்னக் கூப்பிடத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். இவியதான் அவசரப்பட்டு எவனையோ கூட்டியாந்தாவ" என்று பழியைத் தூக்கி என் தலையில் போட்டாள்.

அன்று நான் வாயைத் திறந்திருக்கலாம். ஊரெல்லாம் ஏசுகிற வாய்தானே. வன்னியராஜ் வரட்டும், நீ கூட நின்று உதவி செய் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் அவன் நாளைக்கே தொடங்குகிறேன் என்றான். அந்த நாளைக்கே என்ற வார்த்தை எனக்கு இனித்தது. ஞானப்பிள்ளை என்பதையெல்லாம்விட அதுதான் காரணம்.

ஒன்பது நாள் வேலை செய்தான். குறை சொல்ல முடியாது, உயிரைக் கொடுத்துச் செய்தான். துருவைச் சுரண்டி, குழாய்க்கு வெள்ளிப் பூச்சு அடித்து, பாய்லரைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினான். நானும் சும்மா இருக்கவில்லை. படுக்கையறையில் திரு இருதயப் படம் வைத்த பீடத்துக்குக் கீழே குழாய் கோணலாகப் போவது என் கண்ணை உறுத்தியது. முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவன் கண்ணுக்குக் கோணல் பிடிக்குமா? ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, நேராக்கச் சொன்னேன். சாய்வைத் தொடாதே என்று வன்னியராஜ் சொன்னது நினைவு வராமல் இல்லை. இரண்டு விரல் சாய்வில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். முதலில் எரித்துப் பார்த்தபோது கட்டில் பக்கத்து வால்வு உஸ்ஸென்று இரைந்தது. போட் எஞ்சினில் எங்கே இரைந்தாலும் அது கோளாறுதான். பாக்கியசீலன் அதைக் கழற்றிவிட்டுப் பித்தளை அடைப்பான் ஒன்றைப் போட்டு இறுக்கினான். இரைச்சல் நின்றது. இருவரும் கைகொடுத்துக்கொண்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பகலில் கோயில் சாமியார் வந்து பாய்லரை மந்திரித்தார். பாக்கியசீலன் தன் மனைவி ஜாய்சியோடு புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். விறகு எரிந்தது. குழாய்க்குள் டமார் டமார் என்று அடித்தது. கப்பல் கிளம்பிவிட்டது என்று யாரோ சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள்.

"யாரும் குழாயத் தொட்டுராதிய, வெந்துரும்" என்று பாக்கியசீலன் எல்லாரையும் விலக்கினான்.

கட்டிலில் இருந்த அமலி மட்டும் கையை நீட்டி, குழாய்க்கு மேலே காட்டினாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பாக்கியசீலனைப் பார்த்தாள்.

"நல்லா சூடா இருக்குலே" என்றாள். சொல்லிவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் எல்லார் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஜாய்சியும் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அதுவே என் தினசரி வேலை. சாயங்காலம் நாலு மணிக்குக் கொட்டகைக்குப் போய் உடைமர விறகை அடுக்கி எரிப்பேன். எட்டு மணிக்கு அணைப்பேன். வியர்வையில் குளித்து உள்ளே வந்தால் ஹாலில் சூடு தாங்காது. சுவரில் கைவைக்க முடியாது. ஹாலே இப்படி என்றால் அவள் அறை எப்படி இருக்கும் என்று நினைத்து அந்தப் பக்கமே போகமாட்டேன். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து ஹாலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வேன். "என்னா வேக்காடு" என்று நான் அலுத்துக்கொண்டால், உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

தினமும் வேலை முடிந்து போகும்போது பாக்கியசீலன் எட்டிப் பார்ப்பான். "சூடு பத்துதா பெரியம்மா?" என்பான். அவன் காலடிச் சத்தம் கேட்டதுமே அவள் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நடுக்கடலில் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிற எங்கள் மகன் ஜெர்வினுக்கும் போனில் பெருமையாகச் சொன்னாள். தாத்தா மாதிரியே பாக்கியம் செய்துவிட்டான் என்று.

தை ஒன்பதாம் தேதி வன்னியராஜ் போன் செய்தார். வால்வு வந்துவிட்டது, நாளைக்கு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நம்ம பையனே முடித்துவிட்டான் என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

"சந்தோசம் அண்ணாச்சி. குழாய் கடைசி வரைக்கும் சூடு போகுதா?"

"பின்னே? அருமையாப் போகுது" என்றேன். நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

மாசி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு சாயங்காலம். பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. எப்போதும் தானே எடுத்துக்கொள்ளும் மாத்திரையை அன்று என்னைக் கொடுக்கச் சொன்னாள், போனேன். ஒரு மாத்திரை கைதவறிக் கட்டிலுக்குக் கீழே உருண்டது. குனிந்து தேடும்போது தடுமாறி, விழாமல் இருக்கக் குழாயைப் பிடித்துவிட்டேன். வெந்துபோயிற்று என்று நினைத்து ஐயோ என்று கத்தினேன். கத்திய பிறகுதான் தெரிந்தது, கை வேகவில்லை. குழாய் சில்லென்று இருந்தது.

கதவுப் பக்கம் வரை தடவிக்கொண்டே போனேன். நிலைப்படி வரைக்கும்தான் சூடு. அதற்கு இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. நாற்பத்தைந்து நாளாக அவளுக்காக எரித்த சூட்டில் ஹாலில் நான் குளிர் காய்ந்திருக்கிறேன், விசிறியைப் போட்டுக்கொண்டு. அவள் உள்ளே நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

என் வாயில் வந்ததெல்லாம் அவளைத்தான் ஏசினேன். பைத்தியமா உனக்கு, சாகப் போகிறாயா, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கத்தினேன். அவள் என்னைக் கத்தவிட்டாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு அவன் மூஞ்சியப் பாத்தியளா? முப்பத்தி நாலு வயசுல முத முதல்ல ஒரு வேலைய முடிச்சிருக்கான். சூடு வரலன்னு நான் எப்படிச் சொல்ல?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"உங்ககிட்டயா? நீங்க போயி அவன் சட்டையப் பிடிப்பிய. ஊரு கூடிரும்."

பிடித்திருப்பேன். கட்டிலில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தொட்டேன். காலுறைக்கு மேலேயே அந்தக் குளிர் தெரிந்தது. என் இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"மில்லுக்காரரக் கூப்பிடுதேன்" என்றேன்.

"கூப்பிடுங்க. ஆனா பாக்கியத்துக்குத் தெரியப்பிடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன். பாக்கியசீலனுக்குத் துறைமுகத்தில் வேலை இருக்கிற நாளாகப் பார்த்து, நாலு நாள் தள்ளிப் புதன்கிழமையை அவளேதான் சொன்னாள். அன்று அவளுக்கும் ஆஸ்பத்திரி நாள். ஜாய்சியை அவளுக்குத் துணையாக அனுப்பிவிட்டால் அந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இல்லாமல் அவள் அங்கே போனதில்லை. புதன்கிழமை காலையில் காரில் ஏறும்போது, "திரும்பி வரும்போது ரூம் சூடா இருக்கணும், சொல்லிட்டேன்" என்று விரலை ஆட்டினாள். எப்போதும் நான்தான் அவளை அப்படி மிரட்டுவேன்.

வன்னியராஜ் ஒன்பது மணிக்கு வந்தார். பித்தளை அடைப்பானைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இத யாரு அடைச்சா?"

"நான்தான்" என்றேன்.

என் கையைப் பார்த்தார், ஸ்பேனர் பிடித்த கை அல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பாய்லரைச் சோதித்து, ஆபத்து வால்வை மாற்றினார். அடைப்பானை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் அளவு புது வால்வு ஒன்றைத் திருகினார். நான் நேராக்கிய குழாய்க்கு அடியில் ஆப்பு வைத்துப் பழைய சாய்வுக்குக் கொண்டுவந்தார். துரு சுரண்டுகிற வேலை முன்பே முடிந்திருந்ததால், பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்தது. அவ்வளவுதான் வேலை.

விறகு எரிந்தது. டமார் சத்தம் இல்லை. வால்வு மெல்ல இரைந்தது. காற்றெல்லாம் போனதும் தானாகவே அடைத்துக்கொண்டது.

"இப்பத் தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. பைய" என்றார் வன்னியராஜ்.

தொட்டேன். விரல் நுனி சுட்டது. சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தேன். அவரும் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். தினமும் எப்படி எரிக்க வேண்டும், எப்படி அணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "சூடா இருக்கும்போது தண்ணி ஊத்தி அணைச்சிராதிய. விறக வெளிய இழுங்க, தானா ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

புதுவிரிப்பு விரித்தேன். தலையணையைக் குழாய்ப் பக்கம் நகர்த்தி வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்தேன். வியர்த்துக் கொட்டியது. அந்தச் சூடு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவள் உள்ளே வந்ததும் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி தாண்டி ஜாய்சியிடமிருந்து போன் வந்தது.

"பெரியப்பா" என்றாள். அழத் தொடங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்த நர்ஸ் போனை வாங்கிச் சொன்னாள். மூன்றாவது மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. இதயம் நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். குளிரினால் இப்படி ஆகியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இல்லை, இந்த நோயில் இதயம் இப்படித்தான் திடீரென்று போகும், குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் படித்தவர். எனக்கு மனம் ஆறவில்லை. பக்கத்தில் நான் இல்லையே. அந்த ஒரு நாள் நான் இல்லையே.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். போகிற அவசரத்தில், பாய்லரைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஓடியிருந்தேன். அவர்கள் பாவம், அணைக்கத் தெரியாமல் விறகைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவள் அறைக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது கதகதவென்று இருந்தது.

ஜெர்வினுக்குக் கப்பலிலிருந்து இறங்கி வர இரண்டு நாள் ஆகும். போனில் அழுதுகொண்டே ஒன்றுதான் கேட்டான். "அம்மா மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்பா. நான் வாரவரைக்கும் வச்சிருங்க." அதற்குள் யாரோ ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டியை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து அவள் கட்டிலருகே வைத்தபோதுதான் அது என்ன என்றே எனக்கு உறைத்தது.

"அதுக்குள்ள வேண்டாம்" என்றேன். "அவளுக்கு ஆகாது."

துக்கத்தில் பேசுகிறேன் என்று எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கே அடக்கம் பண்ணிவிடலாம் என்று கெஞ்சினேன். மகன் முகம் பார்க்க வேண்டாமா என்றார்கள். வேண்டும்தான். அவளைப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

பெட்டிக்காரர் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, ரூமு இப்படிக் கொதிக்குது? இந்தச் சூட்டுல பெட்டி குளுந்து நிக்காது. சூட்ட நிப்பாட்டணும். இல்லேன்னா ஹாலுக்குத் தூக்கிருவோம்."

ஹாலிலும் அதே குழாய்தான் ஓடியது.

அப்போது பாக்கியசீலன் துறைமுகத்திலிருந்து ஓடிவந்தான். பெட்டிமேல் விழுந்து அழுதான். அழுது ஓய்ந்து நிமிர்ந்தவன், ஏதோ நினைவு வந்தவன்போல் குழாய்ப் பக்கம் கையை நீட்டினான். சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"எவ்வளவு சூடா இருக்கு பெரியப்பா" என்றான். "கடைசி வரைக்கும் பெரியம்மாவுக்கு இந்தச் சூடு கிடைச்சுதுல்லா? என்னால அது ஒண்ணாவது நடந்துச்சுல்லா?"

கோபத்தில் ஏச வாயைத் திறந்தேன். ஊர் முழுக்க அங்கே நின்றது. பெட்டிக்குள் அவள் முகம் தெரிந்தது.

"கிடைச்சுதுப்பா" என்றேன். "தினமும் சொல்லுவா."

பெட்டிக்காரர் மறுபடியும் வந்து நின்றார். பாக்கியசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் போயி அணைச்சிட்டு வாரேன்" என்று எழுந்தான். அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். உனக்கு அது சரியாகத் தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

கொட்டகைக்கு நானே போனேன். அடுப்பு முழுக்க விறகு செந்தணலாக எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றவில்லை. ஒவ்வொரு கட்டையாக வெளியே இழுத்து மணலில் போட்டேன். கடைசிக் கட்டையை இழுக்கும்போது, உள்ளே பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குக் குளிருமே, குளிருமே என்று வாய்விட்டு அழுதேன்.